தட்டும் கையும் வீசும் கையும்



ஒவ்வொரு மாதமும் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருளையும் நம் வாழ்வில் அதன் புழக்கத்தையும் பார்த்து வருகிறோம். இம்முறை சொல்லை நான் தேடவில்லை. வன்னியிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கடிதத்திலேயே அது இருந்தது. அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்:

"ரீச்சர், மகள் நடனம் பழகுகிறாள். 'ரிதம் இன்னும் பிடிபடவில்லை, வீட்டிலும் பழக்குங்கோ' என்று அவளின் நடன ரீச்சர் சொல்லி அனுப்புகிறா. போன மாதம் எனக்கு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் துண்டிலும் 'சைனஸ் ரிதம்' என்று எழுதியிருக்கிறது. அது மூக்கு வருத்தம் என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. ஆட்டத்துக்கும் நெஞ்சுக்கும் மூக்குக்கும் ஒரே சொல்லா? இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?"

கேள்வி சிறிது. ஆனால் பதில் நடன வகுப்பில் தொடங்கி, குசினி வழியாகப் போய், ஆஸ்பத்திரி வரை நீள்கிறது. ஆறுதலாகவே பார்ப்போம்.

சொல் வந்த வழி

'ரிதம்' ஆங்கிலத்துக்குக் கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். கிரேக்கத்தில் 'ரித்மோஸ்' என்பார்கள். ஓடுதல், வழிந்து செல்லுதல் என்ற பொருளுள்ள வினையோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூட இல்லாமல் எழுதப்படும் சொல் அது. சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் அதைப் பிழைவிடுவதற்கு அதுவே காரணம்.

தமிழில் அதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. நம்மிடம் ஒன்றுக்குப் பதில் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு உரியது.

முதலாவது தாளம். காலத்தைக் கையால் அளந்து காட்டுவது. 'தால' என்ற வடசொல்லுக்குக் கைதட்டல் என்றும் பொருள் உண்டு, பனை என்றும் பொருள் உண்டு. பனைக்கும் தாளத்துக்கும் ஒரு பெயர் என்றால் யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது லயம். ஒட்டிக்கொள்ளுதல், கரைந்து ஒன்றாதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'பாட்டில் லயித்துப் போனேன்' என்கிறோமே, அந்த லயம். சங்கீதத்தில் அது வேகத்தின் சீரான ஓட்டத்தைக் குறிக்கும். தாளத்தைக் கையில் காணலாம். லயத்தை உள்ளேதான் உணர வேண்டும்.

மூன்றாவது சந்தம். இது செய்யுளுக்கு உரியது. திருப்புகழைப் பொருள் விளங்காத சிறுபிள்ளையும் தலையாட்டிக் கேட்பது சந்தத்தினால்தான். அருணகிரிநாதரை நினைத்தவுடன் எவருக்கும் முதலில் வாயில் வரும் சொல்லும் அதுவே.

நாலாவது சீர். அசைகள் சேர்ந்து சீர் ஆகும், சீர்கள் சேர்ந்து அடி ஆகும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். அதே சொல்லைத்தான் 'மூச்சு சீராக வருகிறது', 'உடம்பு சீராகிவிட்டது', 'சீர்கெட்டுப் போச்சுது' என்றெல்லாம் அன்றாடம் சொல்கிறோம். பாட்டின் ஒழுங்குக்கும் உடம்பின் ஒழுங்குக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது பாணி. பழந்தமிழில் இதற்குத் தாளம் என்ற பொருள் இருந்தது. இன்று 'அவவின் சமையல் தனிப் பாணி' என்று ஒருவருடைய முறையைச் சொல்லப் பயன்படுத்துகிறோம். (பிட்டுக்கு ஊற்றும் கித்துள் பாணி வேறு.)

இவற்றையெல்லாம் அளப்பதற்கு ஒரு சிறிய அளவும் வைத்திருந்தார்கள். அதன் பெயர் மாத்திரை. கண் ஒருமுறை இமைக்கும் நேரம், அல்லது விரல் ஒருமுறை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. இந்தியாவில் மருந்துக்கடையில் போய் மாத்திரை கேட்பார்கள். நாங்கள் குளிசை என்போம். அளந்து கொடுப்பது என்பதே அங்கும் பொருள்.

ஆகவே சகோதரிக்கு முதற்பதில்: மகளின் ஆட்டத்துக்குத் தாளம் என்றோ லயம் என்றோ சொல்லுங்கள். நெஞ்சுக்குத் 'துடிப்பின் சீர்' என்று சொல்லலாம். மூக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எட்டில் எத்தனை ஓசை?

மகளை வீட்டில் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? சங்கீதம் படிக்காத தாயும் பழக்கலாம். ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு எட்டு எண்ணிக்கை. வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. இவை நான்கு. அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு. இவை நான்கு. மொத்தம் எட்டு.

வீச்சு என்பது கையைத் திருப்பி, மேல்நோக்கி ஒதுக்குவது. அதில் சத்தம் இல்லை. இந்த எட்டில் கையோசை நன்றாகக் கேட்பது மூன்று தடவைதான். விரல் எண்ணிக்கை மெல்லியது. வீச்சோ முழு மௌனம். ஆனாலும் அந்த மௌனத்துக்கும் ஓர் எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு அடுத்த தட்டுக்கு ஓடினால் எட்டு ஆறாகிவிடும், தாளம் உடைந்துவிடும். தொடக்கத்தில் பிள்ளைகள் பிழைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தட்டைச் சரியாகத் தட்டுவார்கள். வீச்சில் பொறுமை இருக்காது. சத்தமில்லாத இடம் வெறும் இடம் என்று நினைத்து அதை விழுங்கிவிடுவார்கள்.

மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்: வீச்சும் கணக்கில் சேர்ந்தது. சொல்லும்போதே அது உங்களுக்கும் பொருந்துமா என்று யோசியுங்கள்.

நம் வாயில் தாளம் படும் பாடு

சங்கீத வகுப்பில் மரியாதையாக இருக்கும் தாளம் ஊருக்குள் வந்தவுடன் மரியாதை இழந்துவிடுகிறது. எப்படியெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள்.

'அவன் முதலாளி சொல்வதற்கெல்லாம் தாளம் போடுவான்.' இங்கே தாளம் போடுவது தலையாட்டுவது. 'அவர்கள் ஒரு நேரச் சோற்றுக்கே தாளம் போடுகிறார்கள்.' இங்கே அது வறுமை. 'பெண்சாதியின் தாளத்துக்கு ஆடுகிறான்.' இது ஏளனம்.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். மனைவியின் விருப்பத்தைக் கேட்டு நடக்கும் ஆணை இப்படிப் பரிகசிக்கிறோம். கணவனின் விருப்பப்படியே எழுந்து, இருந்து, சமைத்து, வெளிக்கிட்டு, திரும்பிவரும் பெண்ணுக்கு இந்த வசனத்தை எவரும் சொல்வதில்லை. அவளை 'அடக்கமான பிள்ளை' என்கிறோம். இரண்டும் ஒரே ஆட்டம்தான். ஒருவர் ஆடினால் சிரிப்பு, மற்றவர் ஆடினால் சான்றிதழ்.

அதைவிட முக்கியமானது இந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணம். தாளம் யாரோ ஒருவருக்குச் சொந்தம், மற்றவர் அதற்கு ஆட வேண்டும் என்பது அந்த எண்ணம். உண்மையான கச்சேரியில் அப்படி இல்லை. பாடுபவர் தன் கையால் தாளம் போட்டுக்கொண்டே பாடுகிறார். மிருதங்கக்காரரும் வயலின்காரரும் அதே தாளத்துக்குக் கட்டுப்பட்டு வாசிக்கிறார்கள். தாளம் மூவருக்கும் பொது. தனி ஆவர்த்தனம் வரும்போது பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கம் வாசிப்பதற்கு இடம் விடுகிறார். அந்நேரம் அவருடைய கை மற்றவருக்காகத் தாளம் போடுகிறது. முறை மாறி மாறி வருகிறது.

'சுருதி தாய், லயம் தந்தை' என்று சங்கீதம் படித்தவர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் கணக்கு வேறு மாதிரி. விடிய எழுப்புவது, தேநீர் ஊற்றுவது, பிள்ளையைப் பாடசாலை பஸ்ஸுக்கு அனுப்புவது, மாமிக்கு நேரத்துக்குக் குளிசை எடுத்துக் கொடுப்பது, பின்னேரம் ரியூஷனுக்கு ஏற்றுவது, இரவில் கதவு பூட்டிவிட்டதா என்று பார்ப்பது, இவற்றையெல்லாம் நேரம் தவறாமல் நடத்துவது பெரும்பாலும் தாய்தான். சுருதியும் அவள், லயமும் அவள். அவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் வீட்டின் தாளம் தப்புகிறது. அப்போதுதான் அதுவரை தாளம் என்று ஒன்று இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியவருகிறது.

இது ஏதோ என் கற்பனை அல்ல. 2017 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இலங்கை மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிக நேரம் கொடுக்கிறார்கள் என்பதை அது காட்டியது.

இரண்டு உலக்கை, ஓர் உரல்

தாளம் பொதுவாக இருந்த வேலைகளும் நம்மிடம் இருந்தன. என் சிறுவயதில் அம்மம்மா வீட்டு முற்றத்தில் மா இடிப்பார்கள். ஊறப்போட்டு வடித்த பச்சையரிசி, ஓர் உரல், இரண்டு உலக்கை, இரண்டு பெண்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளின் உலக்கை மேலே இருக்க வேண்டும். கணக்குப் பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும், கையில் அடிபடும். மூன்றாவதாக ஒருத்தி பக்கத்தில் இருந்து அரிதட்டில் அரித்து, கப்பியைத் திரும்ப உரலில் போடுவா. அந்தக் கை உள்ளே போய் வருவதற்கும் அந்தத் தாளத்தில் ஓர் இடைவெளி இருந்தது.

எனக்கு உலக்கை பிடிக்கத் தந்த அன்று அம்மம்மா சொன்ன வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது. "என்ரை உலக்கையைப் பாக்காதை பிள்ளை. என்ரை மூச்சைக் கேள்." நான் புதியவள், கை மெதுவாகத்தான் வரும். எனக்காக அம்மம்மா தன் வேகத்தைக் குறைத்தா. புதிதாகச் சேர்ந்தவளின் அளவுக்கு மற்றவள் இறங்கி வருவது அந்த வேலையின் எழுதப்படாத சட்டம். இல்லாவிட்டால் இருவருக்கும் காயம்.

கரைவலை இழுக்கும் மீனவர்களின் அம்பாப் பாடலிலும் இதே முறைதான். ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு ஒன்றாக இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கும் அந்தச் சிறு நேரத்தில் இழுப்பவர்களுக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். பாட்டு அலுப்பைப் போக்குவதற்கு மட்டும் இருந்ததல்ல. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதை எல்லா உடம்புக்கும் ஒரே நேரத்தில் அறிவித்தது அந்தப் பாட்டு.

இப்போது மா ஆலையில் அரைபடுகிறது. நல்லது, நம் தோள்கள் தப்பின. ஆனால் இருவர் சேர்ந்து செய்த வேலைகள் ஒவ்வொன்றாகத் தனி ஒருத்தியின் வேலை ஆகிவிட்டன. எதிரே இன்னொருத்தி இல்லை என்பதால் மூச்சு வாங்கும் முறையும் இல்லை.

லயம் என்றால் இன்னொன்று

மலையகச் சகோதரிகள் இவ்வளவு நேரமும் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு லயம் என்றால் சங்கீதம் அல்ல, குடியிருப்பு. ஆங்கிலத்து 'லைன்' என்ற சொல் லயன் ஆகி, லயம் ஆனது. வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டியவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒலி ஒன்று, பொருள் வேறு. அட்டனில் படிப்பித்த என் தோழி ஒருத்தி இந்த இரண்டு சொல்லையும் வகுப்பில் விளக்கியபோது, பின்வரிசையில் இருந்த மாணவி, "எங்க லயத்துல ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் டீச்சர் லயம் வரும், அம்மா அப்பதான் உக்காருவாங்க" என்றாளாம்.

தோட்டத்தில் நாளைத் தொடக்கி வைத்தது ஒரு வாத்தியம். அந்தக் காலத்தில் அதிகாலையில் தப்பு அடித்து ஆட்களைப் பிரட்டுக்கு அழைப்பார்கள். 'பரேட்' என்ற சொல்தான் பிரட்டு ஆனது. அந்தத் தப்பின் ஓசைக்கு முன்பே எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைக் கிளப்பி, கூடையோடு ஓடியவர்கள் பெண்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்படி. அதே தப்பு மாசி மாதக் காமன் கூத்தில் ஒலிக்கும்போது ஆட்களே அடித்து, ஆட்களே ஆடினார்கள். வாத்தியம் ஒன்றுதான். யாருக்காக அடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய பிறகு, நம் பெண்பிள்ளைகள் இன்னொரு வேகத்துக்கும் பழக வேண்டி வந்தது. தையல் மெசினில் மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற டாகட். அங்கே கை ஓடும் வேகத்தைக் கை தீர்மானிப்பதில்லை. ஒழுங்கு இருக்கிறது, நேரம் தவறுவதில்லை. இருந்தாலும் அதை லயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீச்சு இல்லாத இடத்தில் லயம் ஏது?

நெஞ்சு சொல்லித் தரும் பாடம்

இனி ஈ.சி.ஜி. துண்டுக்கு வருவோம். சைனஸ் என்று கேட்டவுடன் நமக்கு மூக்கடைப்பும் தலைப்பாரமும் ஞாபகத்துக்கு வருகின்றன. இது அந்தச் சைனஸ் அல்ல. இதயத்தின் வலது மேலறையில் 'சைனஸ் கணு' என்று ஒரு சிறிய இடம் இருக்கிறது. துடிப்புக்கான மின்தூண்டல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இதயத்தின் தாளக்காரர் என்று அதைச் சொல்லலாம். 'சைனஸ் ரிதம்' என்று எழுதியிருந்தால் துடிப்பு அந்தச் சரியான இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பொருள். அது வருத்தத்தின் பெயர் அல்ல. ஆறுதல் தரும் செய்திதான்.

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பது வழக்கம். 75 என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 செக்கன். இதில் கீழறைகள் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நேரம் சுமார் 0.3 செக்கன். மீதி 0.5 செக்கன் அவை தளர்ந்து, இரத்தத்தால் நிரம்பும் நேரம். ஒரு நாளில் 1 இலட்சத்து 8 ஆயிரம் தடவை துடிக்கும் இதயம், கூட்டிப் பார்த்தால் 9 மணித்தியாலம் உழைத்து 15 மணித்தியாலம் தளர்ந்திருக்கிறது. ஓய்வில்லாமல் உழைப்பதற்கு நாம் உதாரணம் காட்டும் உறுப்பின் உண்மைக் கணக்கு இது.

இன்னொன்றும் உண்டு. உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயத்தின் தசைக்கும் இரத்தம் வேண்டுமல்லவா? முக்கியமாக இடது கீழறையின் தசை தனக்குரிய இரத்தத்தின் பெரும்பகுதியைப் பெறுவது அந்தத் தளரும் நேரத்தில்தான். சுருங்கும்போது தசை இறுகித் தன் குழாய்களையே நெரித்துவிடும். துடிப்பு மிக வேகமாகும்போது முதலில் குறைவது அந்தத் தளரும் நேரம். அதாவது, மற்றவர்களுக்கு ஊட்டும் அவசரம் கூடக்கூட அது தான் உண்ணும் நேரம் குறைகிறது. இதைப் படித்தபோது எனக்கு எத்தனையோ தாய்மாரின் முகம் நினைவுக்கு வந்தது.

கடிதம் எழுதிய சகோதரியே, நீங்கள் கேள்வியை முடித்துவிட்டு, கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தீர்கள். சில மாதங்களாக இடைக்கிடை நெஞ்சு படபடக்கிறது, இரத்தம் சோதிக்க மறுபடி வரச் சொன்னார்கள், மகளின் நடனப் பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லின் பொருளைவிட எனக்கு அந்த இரண்டு வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

ஈ.சி.ஜி. வழக்கமாகச் சில செக்கன்களின் துடிப்பை மட்டுமே பதிவு செய்யும். அந்த நேரம் சீராக இருந்தது நல்லது. ஆனால் வந்து வந்து போகும் படபடப்பை அது பிடிக்காமல் விடவும் கூடும். படபடப்புக்கு இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, அதிக தேநீர் கோப்பி, நித்திரைக் குறைவு, மனப்பதற்றம், மாதவிடாய் நிற்கும் காலம் என்று பல காரணங்கள் உண்டு. சில வேளை துடிப்பின் சீரே பிறழ்வதும் காரணமாகலாம். எது என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் இரத்தம் சோதிக்கச் சொன்னார்கள். பரீட்சைக்கு முன்பே போய் வாருங்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் டொக்டருக்கு உதவும். படபடப்போடு நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் திகதியைப் பார்த்திருக்க வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மற்றச் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். உடம்பின் சீரை முதலில் அறிபவள் அந்த உடம்புக்கு உரியவள். கர்ப்பிணித் தாய்க்கு வயிற்றுப் பிள்ளையின் அசைவு ஒரு தாளம். ஏழாம் மாதமளவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஓர் ஒழுங்கு அமைந்துவிடும். எல்லாருக்கும் பொதுவான எண்ணிக்கை அங்கே கிடையாது. வழக்கமான அசைவு குறைந்தாலோ மாறினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'மாதம் நெருங்கினால் பிள்ளை அசையாது' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது தவறு. மாதவிடாயின் ஒழுங்கு திடீரென மாறினாலும், நித்திரை நாட்கணக்கில் குழம்பினாலும், 'பெண் என்றால் அப்படித்தான்' என்று தள்ளிவிடாமல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் பெண்களுக்கான தனிக் கிளினிக் நடத்துகிறார்கள். கிழமையும் நேரமும் அவரிடமே கேட்டு அறியலாம்.

ஒரு வீச்சுக்கு இடம் விடுங்கள்

இவ்வளவும் எழுதிவிட்டு, 'ஓய்வெடுங்கள்' என்று ஒரு சொல்லில் முடித்தால் நீங்கள் கோபிப்பீர்கள். யார் பிள்ளையைப் பார்ப்பது, யார் உலை வைப்பது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. தட்டுகளைக் குறைக்க முடியாத வீடுகள் பல என்பது எனக்குத் தெரியும். முடிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நாளின் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது என்று போடுங்கள். எல்லா வரியிலும் உங்கள் பெயரே இருந்தால் அதை வீட்டாருக்குக் காட்டுங்கள். குறை சொல்வதற்காக அல்ல, கணக்குக் காட்டுவதற்காக. பிறகு ஒரே ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றுங்கள். 'உதவி செய்' என்று கேட்டால் ஞாபகப்படுத்தும் வேலை உங்களிடமே இருக்கும். மாமியின் குளிசைக்கு இனி மகன் பொறுப்பு என்றால், நேரம் பார்ப்பதும் அவனே, முடியுமுன் வாங்கி வைப்பதும் அவனே. முதற்கிழமை பிழைகள் வரும். அம்மம்மா எனக்காக உலக்கையை மெதுவாக்கியதைப் போல நீங்களும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

அடுத்தது, அன்றாடம் உங்களுக்கென்று அரை மணித்தியாலம். அதை வேலை முடிந்த பிறகு என்று வைக்காதீர்கள், வேலை முடியப்போவதில்லை. வேலைகளின் நடுவே, நேரம் குறித்து வையுங்கள். வாசலில் கதிரையைப் போட்டு இருங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அம்மா இருப்பதும் நாளின் ஒரு பகுதி என்று அவர்கள் பழகட்டும். மகள்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும், நாளை அவர்களும் ஒரு வீட்டில் தாளம் போடப் போகிறவர்கள்.

நம்முடைய தமிழில் ஓர் அழகான வழக்கு இருக்கிறது. 'அவசரப்படாமல் செய்' என்பதற்கு நாங்கள் 'ஆறுதலாச் செய்யுங்கோ' என்போம். துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதும் ஆறுதல். நிதானத்துக்கும் தேறுதலுக்கும் ஒரே சொல். மற்றவர்களுக்கு அதை நாளும் சொல்லும் நாம் நமக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டால் என்ன?

உங்கள் ஊரில் தாளம், லயம், சீர் என்ற சொற்கள் வேறு எந்தப் பொருளில் வழங்குகின்றன என்று எழுதுங்கள். மா இடிக்கும்போது, நாற்று நடும்போது, கொழுந்து எடுக்கும்போது உங்கள் வீட்டு மூத்த பெண்கள் என்ன சொல்லிக்கொள்வார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் 'பொறுப்பு' என்ற சொல்லோடு சந்திப்போம்.